மார்ல்விக் நகரசபையும் என் வீட்டுக்காரரும்

வெள்ளிக்கிழமை மதியம். பஹ்ரைன், ஈசா டவுனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. வத்தக்குழம்பு, பீன்ஸ் பொரியல், சுட்ட அப்பளம். நடுவில் தண்ணீர் ஜக்கில் சாய்த்து நிறுத்திய என் கைப்பேசி.

என் வீட்டுக்காரர் ராமநாதன் அந்தக் கைப்பேசி அங்கே இல்லாத மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த மாடி வீட்டு மும்தாஜ் அதைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. சாப்பிட வந்தவள், தட்டில் கையே வைக்கவில்லை.

இங்கிலாந்தில் மார்ல்விக் என்ற ஊரில், பிள்ளைகள் பூப்பந்து ஆடும் ஒரு அரங்கத்தில், அந்த நேரம் ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். நகரசபைத் தேர்தல். வேட்பாளர்களில் ஒருத்தி எங்கள் மகள் அபிராமி.

கைப்பேசி மணி அடித்தது. பட்டென்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, முடிஞ்சிருச்சும்மா. மூணு ஓட்டுல போச்சு."

"மூணா? மூவாயிரமா?" என்றாள் மும்தாஜ்.

"மூணு ஆன்ட்டி. வெறும் மூணு."

என் வீட்டுக்காரரின் கை, உடைத்த அப்பளத்தோடு பாதி வழியில் நின்றுவிட்டது. இந்தத் தேர்தல் பற்றி மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாத மனிதர் அவர். அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால், பஹ்ரைனில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு சிவனே என்று இருந்த என் வீட்டுக்குள் ஒரு ஆங்கிலேய நகரசபை எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் மாத்திரை

அபி பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். மருந்தாளுநர் படிப்புக்கு இங்கிலாந்து போனாள், அங்கேயே வேலை கிடைத்தது, அங்கேயே இருந்துவிட்டாள். வேலை, மார்ல்விக் நகரசபைக்குள் வரும் தோர்பி என்ற சின்ன ஊரில், ஒரு மருந்துக் கடையில்.

தோர்பியில் வியாழக்கிழமைதோறும் சந்தை. காய்கறி, மீன், சீஸ், பழைய புத்தகம், நாய்க்கு எலும்பு எல்லாம் கிடைக்கும். சுற்று வட்டாரத்துக் கிழவர் கிழவியர் பஸ் பிடித்து வருவார்கள். வாங்குவது கொஞ்சம், பேசுவது அதிகம்.

ஒருநாள் கடைக்கு வந்த பாட்டியம்மா ஒருவரிடம் போன மாத மாத்திரை மிச்சம் இருந்தது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற தண்ணீர் மாத்திரை. காலையில் போட்டால் மதியம் வரை பாத்ரூமுக்கு அலைய வைக்கும்.

"ஏன் மிச்சம்?" என்று அபி கேட்டிருக்கிறாள்.

"வியாழக்கிழமை போடுறதில்லை கண்ணு. சந்தைக்கு வரணுமே."

சந்தைத் திடலில் பொதுக் கழிப்பறை இருந்திருக்கிறது. சிக்கனம் என்று சொல்லி நகரசபை அதைப் பூட்டிவிட்டது. அபிக்குச் சந்தேகம் வந்து, மாத்திரை வாங்க வந்த மற்ற பெரியவர்களையும் விசாரித்தாள். வியாழக்கிழமை விஷயத்தில் ஊரில் பாதிப் பேர் அந்தப் பாட்டியம்மா கட்சி. சிலர் மாத்திரையை விட்டார்கள், சிலர் சந்தையையே விட்டுவிட்டார்கள்.

அவள் சும்மா இருக்கவில்லை. நகரசபைக் கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி கேட்க ஒதுக்கிய நேரத்தில் எழுந்து கேட்டாள். 'பரிசீலனையில் உள்ளது' என்றார்கள். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் பரிசீலனை. மூன்றாவது முறை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "நீயே நின்னுடேம்மா, வருஷம் முழுக்கக் கேக்கலாம்" என்றாராம்.

இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால், அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கிய இந்தியர்கள் ஓட்டும் போடலாம், தேர்தலில் நிற்கவும் செய்யலாம். எனக்கு இது அதுவரை தெரியாது. அபி சொல்லித்தான் தெரியும். சொன்ன அன்றைக்கு வீட்டில் பூகம்பம்.

"எதுக்கு உனக்கு இந்த வேலை?" என்றார் அவள் அப்பா.

"ஏன்பா? தப்பா என்ன?"

"பொழைக்கப் போன ஊரு. வேலையைப் பார்த்தமா, சம்பளத்தை வாங்கினமான்னு இருக்கணும். நாளைக்கே விசாவை கேன்சல் பண்ணிட்டா என்ன செய்வ?"

"அப்பா, லிசன். எனக்கு விசாவே கிடையாது. பர்மனென்ட்."

"பர்மனென்ட்டுன்னு இந்த உலகத்துல எதுவும் கிடையாது."

"கேக்கறது டாய்லெட்டுப்பா. கவர்மென்டைக் கவுக்கப் போறேன்னா சொன்னேன்?"

அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அபியின் அழைப்பு வந்தால் அவருக்கு பால்கனியில் ஏதாவது வேலை வந்துவிடும். எங்கள் பால்கனியில் இருப்பது ஒரு துளசித் தொட்டியும் ஏசியின் வெளிப்பெட்டியும்தான். அந்தத் துளசிக்கு அந்த மாதங்களில் கிடைத்த கவனிப்பு அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை.

இரண்டு ஊர்ச் சண்டை

மகள் நிற்கிற ஊர் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டாமா? டியூஷன் பிள்ளைகள் போன பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.

மார்ல்விக் பழைய ஊர். சந்தை நடத்திக்கொள்ளச் சொல்லி ஏதோ ஒரு காலத்து ராஜா சாசனம் கொடுத்திருக்கிறார். கையுறை தைத்துப் பணம் பார்த்த ஊர். மேயர் உண்டு, மேயருக்குத் தங்கச் சங்கிலி உண்டு, சங்கிலியைத் தூக்கிவர ஒரு ஆளும் உண்டு.

தோர்பி அப்படியல்ல. செங்கல் சூளை ஊர். ராஜா யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் சூளைக்காரர்கள் ரோஷக்காரர்கள். தங்களுக்கென்று ஒரு சபை வைத்துக்கொண்டு, சொந்தமாக ஒரு நகர மண்டபம், நீச்சல் குளம், தீயணைப்பு வண்டி என்று எல்லாம் கட்டிக்கொண்டார்கள். சந்தைத் திடல் கழிப்பறையும் அவர்கள் கட்டியதுதான், அவர்கள் சூளைச் செங்கல்லால்.

எழுபதுகளில் லண்டனில் உட்கார்ந்திருந்தவர்கள் நாடு முழுக்க எல்லைகளை அழித்து எழுதினார்கள். மார்ல்விக், தோர்பி, நடுவில் இருந்த கிராமங்கள் எல்லாவற்றையும் ஒரே நகரசபையாக்கி அதற்கு மார்ல்விக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தோர்பியின் நகர மண்டபம் இப்போது கம்பளக் கடை. ஐம்பது வருஷமாகப் போகிறது. இன்றைக்கும் தோர்பிக்காரர்கள் மார்ல்விக்காரர்களை 'அவங்க' என்றுதான் சொல்வார்களாம்.

எனக்கு இது நன்றாகப் புரிந்தது. என் மாமியார் வீட்டில் இரண்டு பங்காளிக் குடும்பங்களை ஒரே சமையலறையில் வைத்த கதையும் இதுதான்.

புரியாததும் இருந்தது. குப்பை எடுப்பது நகரசபை, ஆனால் ரோட்டில் பள்ளம் விழுந்தால் அது கவுண்டியின் பொறுப்பு. அதாவது மாவட்டம். பூங்காவில் பெஞ்சு உடைந்தால் அது இன்னொரு குட்டிச் சபை. பள்ளத்தில் குப்பை கிடந்தால் யாரைக் கூப்பிடுவது என்று அபியிடம் கேட்டேன். "அம்மா, அந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சவங்களை மேயராக்கிடுவாங்க" என்றாள்.

அப்போது ஒன்று உறைத்தது. ஈசா டவுனில் இத்தனை வருஷம் குடியிருக்கிறேன். எங்கள் தெருவிலும் பலதியா வண்டி, அதாவது இந்த ஊர் நகரசபை வண்டி, காலையில் வருகிறது, குப்பையை எடுக்கிறது, போகிறது. அதை யார் முடிவு செய்கிறார்கள், எங்கே கூடிப் பேசுகிறார்கள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. வீட்டு ஓனரான பஹ்ரைனிப் பெரியவரிடம் கேட்டதற்கு ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, எங்களுக்கும் பலதியா தேர்தல் உண்டே, நான் ஓட்டுப் போடுவேனே என்றார். அவர் வாசலில் தேர்தல் நேரத்துச் சுவரொட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஏதோ சூப்பர் மார்க்கெட் தள்ளுபடி என்று நினைத்திருந்தேன்.

சீரியலுக்குப் பதில்

மார்ல்விக் நகரசபைக் கூட்டங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டுவார்கள். அங்கே சாயங்காலம் ஆறு மணி என்றால் நமக்கு இரவுச் சாப்பாட்டு வேளை. நான் பார்ப்பதைப் பார்த்து மும்தாஜும் வந்து உட்கார்ந்தாள்.

மும்தாஜ் காயல்பட்டினத்துக்காரி. வீட்டிலேயே தையல். கணவருக்கு ஷிப்ட் டியூட்டி. ஆங்கிலம் சுமார்தான், ஆனால் முகத்தைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடுவாள்.

"டீச்சர், அந்த ஊதாச் சட்டைக்காரி எழுந்தா பாருங்க, இப்ப இவருக்கு இருக்கு."

"அவங்க நன்றி சொல்றாங்க மும்தாஜ்."

"நன்றி சொல்ற மூஞ்சியா அது?"

இரண்டு நிமிஷத்தில் ஊதாச் சட்டைக்காரி அந்த ஆளைக் கிழித்துத் தொங்கவிட்டாள்.

ஒருவர் வீட்டு வேலி இவ்வளவு உயரம் இருக்கலாமா என்று ஒரு கூட்டம் முழுக்க வாதாடினார்கள். ஒரு குளத்து அன்னப் பறவை வழிப்போக்கர்களைத் துரத்துகிறது என்று புகார் வந்தது. அன்னத்தின் பக்கமும் ஒருவர் பேசினார். மும்தாஜ் தன் டிவி சீரியலை விட்டுவிட்டாள். மாடிப்படியில் பார்த்தால், "டீச்சர், வேலி கேஸ் என்னாச்சு?" என்றுதான் கேட்பாள்.

அங்கேதான் மிஸ்டர் பிரிக்ஸை முதலில் பார்த்தேன். தோர்பியின் கவுன்சிலர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பெரிய வயிறு, பெரிய சிரிப்பு. பல தேர்தலாக அதே இடத்தில் ஜெயித்து வருபவர். கழிப்பறையைப் பூட்டும் தீர்மானத்துக்குக் கை தூக்கியவரும் அவர்தான். அபி எதிர்த்து நின்றது அவரைத்தான், சுயேச்சையாக.

"பாவம், நல்ல மனுஷன் மாதிரி இருக்கார்" என்றேன்.

"நல்ல மனுஷந்தான் டீச்சர். ஆனா அபி வரணும்" என்றாள் மும்தாஜ். அவ்வளவு தெளிவு எனக்கு வரவில்லை.

நாங்கள் பார்க்கும்போது என் வீட்டுக்காரர் பின்னால் சோபாவில் பேப்பர் படிப்பார். ஒரே பக்கத்தையே வெகுநேரம் படிப்பார்.

கூலரும் எக்ஸிட்டும்

அவரைக் கோழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதனால் இதைச் சொல்கிறேன்.

எங்களுக்கு நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணத்துக்கு நாள் பார்த்திருந்த சமயம். அவர் சவூதியில், அல் கோபாருக்கு வெளியே ஒரு சைட்டில் சூப்பர்வைசர். இளவயது. கோடைக்காலம். சைட்டில் குடிதண்ணீர் கூலர் ரிப்பேராகி, ஆட்கள் டேங்கரில் வெந்நீராகக் கிடந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மயங்கியே விழுந்தான். எல்லாரும் தங்களுக்குள் முணுமுணுத்தார்களே தவிர, மேலே யாரும் சொல்லவில்லை.

காலைக் கூட்டத்தில் மேனேஜர் வந்து, "எனி பிராப்ளம்?" என்று வழக்கம்போல் கேட்டார். வழக்கம்போல் எல்லாரும் தலையாட்ட, இவர் மட்டும் கையைத் தூக்கி, "கூலர் மாஃபி சார், கூலரே இல்லை. ஆளுங்க சாகக் கிடக்குறாங்க" என்றார். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "குட், குட்" என்று தலையசைத்தார்.

ஒரு வாரத்துக்குள் கூலர் வந்தது. கூடவே இவருக்கு எக்ஸிட்டும் வந்தது. விசா கொடுத்த முதலாளி கஃபீல் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, கலாஸ், எல்லாம் முடிந்தது, ஊருக்குக் கிளம்பு என்றார்கள்.

திருச்சியில் ஒரு வருஷத்துக்கு மேல் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். கல்யாணம் தள்ளிப் போனது. எங்கள் வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்க்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. நான் மாட்டேன் என்றேன். கூலருக்காக வேலையை இழந்த ஆள் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் பஹ்ரைன் வேலை கிடைத்து வந்த பிறகு, நான் கட்டிக்கொண்ட அந்த ஆள் வாயைத் திறக்கவேயில்லை. கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் இன்ஸ்பெக்டர் வேலை. வெல்டிங் சரியில்லை என்றால் சொல்வார், அது டியூட்டி. அதைத் தாண்டி சம்பளம், லீவு, ரூம் எதைப் பற்றியும் எந்தக் கூட்டத்திலும் பேச மாட்டார். தமிழ்ச் சங்கத்தில் கேன்டீன் தோசை புளிப்பு என்று சொல்லச் சொன்னால்கூட, "நமக்கெதுக்கு?" என்பார்.

பாலத்து வரிசை

ஒரு சாயங்காலம் அபி என்னிடம் வீடுவீடாகப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். துளசிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. இவர் சோபாவிலேயே இருந்தார். அன்றைக்கு வெளியே புழுதிக் காற்று, பால்கனிக் கதவைத் திறக்க வழியில்லை.

"ஒரு தாத்தா சொன்னாரும்மா. சந்தைக்குப் போற அன்னிக்கு மாத்திரை போடாம, அடுத்த நாள் ரெண்டா போட்டுக்கறாராம். எனக்குப் பகீர்னு ஆயிருச்சு."

பின்னால் பேப்பர் மடங்குகிற சத்தம் கேட்டது.

என் வீட்டுக்காரருக்கும் ரத்த அழுத்தம். அவருக்கும் அதே தண்ணீர் மாத்திரைதான். கம்பெனி வேலையாக மாதம் ஒருமுறை, பஹ்ரைனையும் சவூதியையும் இணைக்கும் கடல் பாலம் தாண்டி அல் கோபாருக்குப் போவார். பாலத்தில் இமிகிரேஷன் வரிசை சில நாள் சட்டென்று நகரும், சில நாள் வண்டிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களில் அவர் மாத்திரை போடுவதில்லை என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். கேட்டால் மறந்துவிட்டேன் என்பார்.

அபி போனை வைத்த பிறகு, அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ரெண்டா போட்டுக்கிட்டா என்ன ஆகும்?"

"மயக்கம் வருமாம். விழுந்து இடுப்பை ஒடச்சுக்குவாங்களாம்."

"ம்."

பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த முறை அவர் கோபாருக்குக் கிளம்பியபோது, மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்து, "டாக்டர்கிட்ட வேற மாத்திரை கேக்கணும்" என்று முணுமுணுத்தார். கேட்கவும் செய்தார். அபிக்கு அவர் ஓட்டு அன்றைக்கே விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பிஸ்கட் டின்

மறுபடியும் அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

மூன்று ஓட்டு என்று அபி சொன்னதும், அப்பளத்தைத் தட்டில் வைத்தார். சோற்றுக் கையோடு எழுந்தார். கைப்பேசிக்கு நேராகக் குனிந்து, ஷிப்யார்டில் கத்துகிற குரலில் கத்தினார்.

"ரீகவுன்ட் கேளு!"

அபிக்கு அது மாதக்கணக்கில் கேட்காத குரல்.

"அப்பா?"

"மறுபடி எண்ணச் சொல்லுன்னேன். ஒரு தடவை பார்த்த ரீடிங் ரீடிங்கே இல்லை. நான் ஒரு வெல்டையே ரெண்டு தடவை பார்ப்பேன்."

"எல்லாரும் களைச்சுப் போயிருக்காங்கப்பா. கேட்டா அசிங்கமா இருக்கும்."

"கேக்கறதுல என்ன அசிங்கம்?"

சொல்லிவிட்டு அவரே திகைத்து நின்றார். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர் மாதிரி இருந்தது முகம். மும்தாஜ் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சரிப்பா" என்றாள் அபி. "கேக்கறேன்."

கேட்டாள். சட்டப்படி கேட்கலாமாம். மறுபடி எண்ணினார்கள். வத்தக்குழம்பு ஆறி ஆடை கட்டியது. யாரும் தட்டைக் கழுவவில்லை. பிரிக்ஸின் சீட்டுக் கட்டு ஒன்றுக்குள் அபியின் சீட்டு ஒன்று கலந்து கிடந்தது. செல்லாது என்று ஒதுக்கிய அபியின் இன்னொரு சீட்டை இரண்டு பக்கத்தாரும் பார்த்து, செல்லும் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அபி அழைத்தாள். "அம்மா, சமம். ரெண்டு பேருக்கும் ஒரே ஓட்டு."

"அப்படின்னா மறுபடியும் தேர்தலா?" என்றேன்.

"இல்லம்மா. சீட்டுக் குலுக்கிப் போடுவாங்க."

"என்னது?" என்றார் இவர்.

இதுதான் சட்டமாம். ராஜா சாசனம் கொடுத்த ஊர், தங்கச் சங்கிலி மேயர், அன்னத்துக்கு வக்கீல் வைத்து வாதாடும் சபை. அங்கே ஓட்டு சமமானால் நம் சீட்டுக் கம்பெனி மாதிரி குலுக்கல். தேர்தல் அதிகாரி இரண்டு காகிதத்தில் இரண்டு பெயர் எழுதி, ஒரே மாதிரி மடித்து, ஊழியர்கள் டீக்கு வைத்திருந்த காலி பிஸ்கட் டின்னில் போட்டார். அபி அழைப்பைத் துண்டிக்காமல் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். எங்களுக்குக் கேட்டதெல்லாம் டின் குலுங்கும் சத்தம்தான்.

பிறகு ஒரு பெயர் படித்தார்கள். கைதட்டல். மும்தாஜ் "வந்துருச்சா? வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வரவில்லை. பிரிக்ஸ்.

நான் ஏதேதோ சொல்ல வாயெடுத்தேன். இவர் கைகாட்டி நிறுத்திவிட்டு, கைப்பேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். அப்பாவும் மகளும் என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கண்ணாடி வழியே பார்த்தேன். பேசியதைவிடக் கேட்டுக்கொண்டிருந்ததுதான் அதிகம். வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே வரத் தோன்றவில்லை அவருக்கு.

பிரிக்ஸ் எழுந்தார்

புதிய சபையின் முதல் வேலைக் கூட்டத்தை மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம். இந்த முறை பேப்பர் இல்லை.

பிரிக்ஸ் எழுந்தார். அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"என்னை மக்கள் அனுப்பினார்கள் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் என்னை அனுப்பியது ஒரு பிஸ்கட் டின். என் ஊரில் பாதிப் பேர் அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். நான் பஸ் ஓட்டிய காலத்தில், இறங்கினதும் என் பயணிகள் எங்கே ஓடுவார்கள் என்று தெரிந்தவன்தான். மறந்துவிட்டேன். தோர்பி கழிப்பறையைத் திறக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

ஊதாச் சட்டைக்காரி வழிமொழிந்தாள். கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது.

"பார்த்தீங்களா டீச்சர், நல்ல மனுஷந்தான்னு அன்னிக்கே சொன்னேன்ல" என்றாள் மும்தாஜ், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சில மாதத்தில் பூட்டைத் திறந்து, வெள்ளையடித்து, பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்தார்கள். வியாழக்கிழமை மாத்திரை மிச்சம் வைக்கிற பழக்கம் குறைந்துவிட்டது என்று அபி சொன்னாள். தோற்றவள் குரலாகவே இல்லை அது.

சபை மண்டபத்தில்

அடுத்த கோடை லீவுக்கு நாங்கள் இருவரும் அபியைப் பார்க்கப் போனோம். விஷயம் தெரிந்து பிரிக்ஸே அழைத்தார், மார்ல்விக் நகர மண்டபத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று. தோர்பி பஸ் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க ஒரு கூரை இல்லை. இவருடைய புது ஷூவுக்குள் தண்ணீர் புகுந்து, நடக்கும்போது 'சளக் சளக்' என்றது.

பிரிக்ஸ் நேரில் இன்னும் பெரியவராக இருந்தார். அபியைத் தோளோடு அணைத்து, "இவள் அடுத்த முறை டின் இல்லாமலே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்" என்று சிரித்தார். மரப்பலகையில் தங்க எழுத்தில் மேயர்கள் பெயர் வரிசையாக இருந்தது. இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

கூட்டம் நடக்கிற மண்டபம் காலியாக இருந்தது. அரைவட்டமாகத் தோல் மெத்தை போட்ட நாற்காலிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் வளைந்த கழுத்தோடு ஒரு மைக். பிரிக்ஸ் தன் நாற்காலியை இழுத்து, உட்காருங்கள் என்று இவருக்குக் கைகாட்டினார். வேண்டாம் வேண்டாம் என்றவர், அபி முதுகைத் தொட்டதும் உட்கார்ந்தார்.

"பேசணும்னா என்ன செய்யணும்?" என்று என்னிடம் தமிழில் கேட்டார்.

பிரிக்ஸுக்கு அபி மொழிபெயர்த்தாள். அவர் மைக்கின் கீழே இருந்த பொத்தானைக் காட்டிவிட்டு, தடதடவென்று நடந்துபோய் மேயரின் உயர்ந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு, "சபை கவனிக்கிறது" என்றார்.

விளையாட்டுக்குத்தான் சொன்னார். இவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றார்.

"சார், மை நேம் இஸ் ராமநாதன். ஃபாதர் ஆஃப் அபிராமி." குரல் நான்கு சுவரிலும் பட்டுத் திரும்பியது. அதைக் கேட்டு ஒரு கணம் நின்றார். பிறகு சைட்டில் பேசிப் பழகிய ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி, தோர்பி பஸ் நிறுத்தத்தில் கூரை இல்லை, வயதானவர்கள் மழையில் நிற்கிறார்கள், இன்று காலை நானும் என் மனைவியும் நனைந்தோம், அங்கே ஒரு நிழற்குடை கட்டித்தர வேண்டும் என்று சொன்னார். ஒரு வார்த்தையும் விழுங்கவில்லை. சொல்லி முடித்து, "தேங்க் யூ" என்றார். உட்காராமல் பதிலுக்காக நின்றார்.

பிரிக்ஸின் முகத்திலிருந்து விளையாட்டு போய்விட்டிருந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு முறைப்படி நிமிர்ந்து பார்த்து, "இதை வழிமொழிபவர் யாரேனும் உண்டா?" என்று கேட்டார்.

பஹ்ரைன் வந்த பிறகு நான் எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை. திருச்சியில் தேர்தல் வரும்போதெல்லாம் இங்கே யாராவது ஒரு பிள்ளைக்குப் பரீட்சை இருக்கும். எதற்கும் இதுவரை என்னை யாரும் கை தூக்கச் சொன்னதும் இல்லை.

அபி என்னைப் பார்த்தாள். அவள் கை எழுவதற்குள் என் கை மேலே போயிருந்தது.